மொட்டை போடப் போகிற தலைக்கு வைத்தியம்

குளியலறையில் தண்ணீர் போகவில்லை என்று அவர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், கணுக்கால் வரைக்கும் சோப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. என் கணவர் மனோகரன் கைலியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, சட்டை மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்தி வடிகால் ஓட்டைக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். இடது கையால்தான். வலது கை அப்போது அவருக்கு இன்னும் முழுசாக மடங்காது.

எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்றார். கம்பியை மெதுவாக இழுத்தார். கறுப்பாக, ஈரமாக ஒன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தரையில் பொத்தென்று விழுந்ததைப் பார்த்தால், எலியைவிடப் பெரிய ஒரு முடி உருண்டை.

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவருக்கு முப்பது வயதிலேயே நெற்றி ஏறிப் பிடரி வரைக்கும் போய்விட்டது. ஆகவே அது யாருடைய முடி என்று விசாரணை வைக்க அவசியம் இல்லை. அவர் கம்பியைப் பிடித்தபடி என் தலையைப் பார்த்தார். என் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

"எத்தன நாளா இப்படிக் கொட்டுது, சாந்தா?"

வடிகாலில் அடைத்திருந்தது போன வாரத்து முடி மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. தலையணை, துடைப்பம், சாப்பாட்டு டப்பா மூடி என்று வீடு முழுக்க அது கிடப்பது எனக்குத் தெரியும். அவர் கண்ணில் படாமல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

முடி கொட்டினால் எந்தப் பெண்ணுக்கும் கவலை வரும். என் கவலை கொஞ்சம் வேறு மாதிரி. அந்த முடி என்னுடையது இல்லை. முருகனுக்கு என்று சொல்லியாகிவிட்டது. தைப்பூசத்தன்று மொத்தத்தையும் மழித்துக் கொடுக்க வேண்டும். அதற்குள் பாதி சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நடைபாதையில் சொன்ன வார்த்தை

ஜொகூரில் இருந்து சிங்கப்பூருக்கு விடியற்காலையில் பாலம் கடக்கும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் என் கணவரும் ஒருவர். சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை. நானும் அங்கேதான், மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில். ஆனால் நான் கம்பெனிப் பேருந்தில் போவேன். மழை நாளில் பைக்கில் போகாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு மழை நாளில்தான் லாரி இடித்தது. தலையில் அடி, விலாவில் முறிவு, வலது தோள் கழன்று போயிருந்தது. அறுவை அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நடைபாதையில் பச்சை நிற நாற்காலிகள். குளிர்சாதனக் காற்று நேராக என் முதுகில் அடித்தது. வெளியே வந்த ஒரு தாதி, பிரார்த்தனை பண்ணிக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாள். 

என்னிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நகை சாமிக்கு எதற்கு? சட்டென்று முடிதான் ஞாபகம் வந்தது. எனக்கு இடுப்புக்குக் கீழே வரும் முடி. தொழிற்சாலையில் எல்லாரும் ஒரு வலைத்தொப்பி போட்டால் நான் இரண்டு போட வேண்டும். எங்கள் மலாய் மேற்பார்வையாளர் என் பேரையே மறந்துவிட்டு, நீளமுடிக்காரி என்ற அர்த்தத்தில் "ரம்புட் பாஞ்சாங்" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது என் கணவர் வீட்டார் முகத்தைப் பார்த்ததைவிட ஜடையைப் பார்த்ததுதான் அதிகம்.

முருகா, அவரை எழுப்பி உட்கார வைத்துவிடு, தைப்பூசத்துக்கு வந்து என் தலைமுடி மொத்தத்தையும் கொடுக்கிறேன் என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் அவருடைய அக்கா ராஜம் அண்ணி உட்கார்ந்திருந்தார். பெக்கோக்கில் இருந்து பேருந்து பிடித்து ஓடி வந்திருந்தார். அவர் என் கையைப் பிடித்து, மொத்தமும் என்று சொல்லாதே, பூமுடி என்று சொல்லு என்றார். பூமுடி என்றால் பெண்கள் முழுசாக மழிக்காமல் நுனியில் மூன்று கொத்து மட்டும் வெட்டிக் கொடுப்பது. எனக்கு அப்போது பேரம் பேச மனசில்லை.

அவர் பிழைத்தார். வீட்டுக்கு வந்தார். தலைத் தையல் ஆறியது. கஞ்சி குடித்தார், சோறு சாப்பிட்டார், தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து அரசியல்வாதிகளைத் திட்டும் அளவுக்குத் தேறினார். அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரத்தில்தான் முடி கொட்ட ஆரம்பித்தது.

வரிசை வீட்டு வைத்தியர்கள்

எங்கள் பெர்மாஸ் ஜெயா தெருவில் ஒரு வீட்டில் தும்மினால் எதிர் வீட்டில் மருந்து வரும். முடி கொட்டுகிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் குளியலறை விஷயத்தை அவர் வாசலில் நின்று பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே அந்த மலாய்க்காரரின் மனைவி காக் ரொஹானி (காக் என்றால் மலாயில் அக்கா) கையில் ஒரு சின்னப் போத்தலோடு வந்துவிட்டார்.

அதில் கறுப்பாக, தார் மாதிரி ஒரு எண்ணெய். புவா கெராஸ் எண்ணெய். சம்பலுக்கும் குழம்புக்கும் அரைத்துப் போடுகிற அதே கொட்டையை வாணலியில் போட்டுக் கருகும் வரை வறுத்து இடித்து எடுப்பார்களாம். அவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிறந்ததும் தலையில் தடவியதுதான் என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ராஜம் அண்ணி வந்தார். அவர் கொண்டுவந்தது பெரிய போத்தல். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம், நெல்லிக்காய், எல்லாம் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சியது. அவர் வீட்டுப் பின்பக்கம் கரிசலாங்கண்ணி தானாக முளைக்கிறது. செம்பருத்தி இந்த நாட்டில் எங்கேதான் இல்லை?

இரண்டு வீட்டு எண்ணெயையும் எப்படித் தேய்ப்பது? ஒன்றைத் தேய்த்து ஒன்றை விட்டால், கொடுத்தவர் வந்து தலையை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே வலது பக்கத்துக்கு அண்ணி, இடது பக்கத்துக்கு காக் ரொஹானி என்று பிரித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் பாரபட்சம் இல்லாமல் கொட்டியது.

பிறகு சின்ன வெங்காயம். அரைத்துச் சாறு பிழிந்து தலையில் வைத்தால் வழுக்கையில் கூட முளைக்கும் என்று கைபேசியில் ஒரு பெண் சத்தியம் செய்தாள். நான் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பேருந்தில் ஏறினேன். ஆனால் வெங்காயம் குளித்தால் போகிற சாமான் இல்லை. வியர்க்க வியர்க்க மணம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதி பிலோமினா, யாரோ வடை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தேடினாள்.

பிலோமினாதான் பிறகு எனக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். இரும்பு மாத்திரை ஒன்று. கரடி பொம்மை வடிவத்தில் மெல்லுகிற பயோட்டின் மிட்டாய் ஒன்று. சிங்கப்பூரில் அவள் வழக்கமாகப் போகும் மருந்துக் கடையில் எல்லாப் பெண்களும் அதைத்தான் வாங்குகிறார்களாம். பேருந்து பாலத்துக்குப் போய்ச் சேரும் முன்பே நான் மாத்திரையை வாயில் போட்டு, பிளாஸ்கில் கொண்டுபோகும் சூடான தே-ஓவை ஊற்றி முழுங்கிவிடுவேன். பால் சேர்க்காத கடுந்தேநீர். அது இல்லாமல் எனக்கு விடியாது.

தெருவில் எல்லாருக்கும் என் நேர்த்திக்கடனும் தெரிந்துவிட்டது. மூன்றாவது வீட்டு ஆச்சி ஒருநாள் சிரிக்காமல் கேட்டார், மொட்டை போடப் போகிற தலைக்கு எதற்கம்மா இவ்வளவு வைத்தியம் என்று. நல்ல கேள்விதான். என் கணவரும் அதையேதான் கேட்டார். சாமிக்கு என்று எடுத்துவைத்த தேங்காய் அழுகிக்கொண்டு வந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். 

விழுந்தது சாமிக்கு ஆகாது

நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். உதிர்ந்த முடியை எல்லாம் குப்பையில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து, அலமாரியில் சேலைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மொத்தமும் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? விழுந்ததும் அதில் சேர்த்திதானே? தைப்பூசத்தன்று மழித்த முடியோடு இதையும் சேர்த்து வைத்துவிடலாம் என்று என் கணக்கு.

ராஜம் அண்ணி சேலை எடுக்கப் போனவர் அந்தப் பையைக் கண்டுபிடித்துவிட்டார். பாம்பைப் பார்த்த மாதிரிப் பின்வாங்கினார்.

உதிர்ந்த முடியை வீட்டுக்குள் வைத்திருப்பதே ஆகாது, அதைக் கோயிலுக்கு வேறு கொண்டுபோவாயா என்று கேட்டார். விழுந்தது தீட்டு. தலையில் இருந்து கத்தி பட்டு இறங்குவதுதான் காணிக்கை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகத்தான் சொன்னார். மறுநாள் குப்பை லாரி வந்தபோது பையை அவரே கொண்டுபோய்ப் போட்டார். நான் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு லாரி திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். 

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு அன்று தோன்றியது இதுதான்: அவரைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு நான் சொன்னதைக் கொடுக்கவில்லை என்றால், கொடுத்ததை அவன் திரும்ப எடுத்துக்கொள்வானோ? படித்தவள்தான். தொழிற்சாலையில் தரச் சோதனை பார்க்கிறவள்தான். ஆனாலும் அவர் படியில் கொஞ்சம் தடுமாறினால் என் கை முதலில் என் தலைக்குத்தான் போகும்.

பட்டினி

சாமியிடம்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முடி நிற்க வேண்டும் என்று விரதத்தை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டேன். தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் இருந்தால் போதும். நான் தீபாவளிக்கு முன்பே தொடங்கினேன். ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் கொஞ்சம் சோறும் ரசமும் ஏதாவது ஒரு காயும். மற்ற நேரத்துக்கு தே-ஓ. பசித்தால் தே-ஓ, தலை சுற்றினால் இன்னொரு தே-ஓ.

கொட்டுவது குறையவில்லை. கூடியது. கூடக்கூட நான் விரதத்தை இறுக்கினேன். ராத்திரிச் சோறும் வேண்டாம் என்று ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்தினேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே என் மேல் பாவமாக இருக்கிறது. ஆனால் அந்த நாளில் என் அறிவுக்கு அது மிகச் சரியாகவே பட்டது. அண்ணி கூட நல்லது என்றுதான் சொன்னார். நம் வீடுகளில் ஒரு பெண் சாப்பிடாமல் இருந்தால் அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. பக்தி என்றுதான் நினைப்பார்கள்.

ஒருநாள் காலை ஜொகூர் பக்கத்துக் கஸ்டம்ஸ் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற ஆளின் முதுகுப்பை இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை. கண் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன். பிலோமினா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மேரி மாதாவையும் என்னையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அன்று வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு என்னை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். அங்கிருந்து என் கணவருக்கும் போன் போட்டாள். அவர் பக்கத்து வீட்டுக் காரில் வந்து சேர்ந்தார்.

டாக்டர் கேட்ட கேள்விகள்

டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. என்னைவிடச் சின்னவர். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன சாப்பிடுகிறாய், மாதவிலக்கு எப்படி, என்னென்ன மாத்திரை எடுக்கிறாய். மாதவிலக்கு ஒரு வருடமாகத் தாறுமாறாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த வயதில் அப்படித்தான் என்று நான் விட்டுவிட்டேன். கரடி மிட்டாயைப் பற்றிச் சொன்னதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அது இரத்தப் பரிசோதனையின் சில முடிவுகளைக் குழப்பிவிடுமாம். அதை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து வரச் சொல்லி, பிறகுதான் முழுப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வாங்க மூன்று பேருமாகப் போனோம். இரத்தம் குறைவு. உடம்பில் இரும்புச் சத்தின் கையிருப்பு அநேகமாகக் காலி. வைட்டமின் டி-யும் குறைவு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு வெயில் பற்றாக்குறை என்றால் யார் நம்புவார்கள்? இருட்டில் கிளம்பி, நாள் முழுக்க ஜன்னல் இல்லாத கட்டடத்தில் இருந்து, இருட்டில் திரும்புகிறவளுக்கு வெயிலைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் உண்டு. அன்றைக்கும் துணி துவைத்துக்கொண்டிருப்பேன்.

இரும்பு மாத்திரைதான் சாப்பிடுகிறேனே என்றேன். எதோடு என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரையில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேநீர் தடுத்துவிடும் என்றார். இத்தனை வாரமும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இனிமேல் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கு, தேநீர் வேண்டும் என்றால் நேரம் தள்ளிக் குடி என்றார். பிலோமினாவுக்கும் கொஞ்சம் திட்டு கிடைத்தது. பரிசோதிக்காமல் யாரும் யாருக்கும் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாதாம், அதிகமானால் அதுவும் கெடுதல்தானாம்.

இரண்டு எண்ணெய்களையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தடவிக்கொள், தலையைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும், ஆனால் முடிக்குச் சோறு இரத்தத்தில் இருந்துதான் வரும், எண்ணெயில் இருந்து இல்லை என்றார். இரத்தத்தில் சத்துக் குறைந்தால் உடம்பு இதயத்துக்கும் மூளைக்கும் முதலில் பரிமாறும். முடிக்குக் கடைசிப் பந்திதான். பாத்திரம் காலியானால் அது பசியோடு எழுந்து போய்விடும்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. சமீபத்தில் வீட்டில் ஏதாவது பெரிய அதிர்ச்சி உண்டா என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தோளைப் பார்த்து டாக்டரே புரிந்துகொண்டார். பெரிய அதிர்ச்சி வந்தால் நிறைய முடி ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்திவிடுமாம். ஆனால் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் தலையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம்தான் விழும். ஆக இப்போது விழுந்துகொண்டிருக்கிற முடியில் முக்கால்வாசி, அந்த மழை நாளிலேயே கிளம்ப முடிவு செய்தது. அதோடு நிற்க வேண்டியதைப் பட்டினி போட்டு நான்தான் நீட்டிக்கொண்டிருந்தேன்.

நோன்பு பற்றியும் கேட்டார். எங்கள் மார்க்கத்தில் உடம்பு முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு, உங்கள் சாமி என்ன சொல்வார் என்று கேட்டார். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 

வழுக்கைக்காரரின் வாதம்

வீட்டுக்கு வந்ததும் சண்டை. ஈரலும் முட்டையும் வாங்கி வரட்டுமா என்றார். விரதத்தில் தொட மாட்டேன் என்றேன். அப்படியானால் மொட்டையை விடு, பூமுடி போதும் என்றார். மொத்தமும் என்று சொன்னவள் நான், குறைக்கிறதற்கு நீங்கள் யார் என்று கத்திவிட்டேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரிடம் அப்படிக் கத்தியது இல்லை.

அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"என்னைய காப்பாத்துன முருகன் ஒன் தலையில எவ்ளோ முடி இருக்குன்னு எண்ணிக்கிட்டா ஒக்காந்திருக்காரு? நீ இப்படி விழுந்து கெடந்தின்னா நான் எத நேந்துக்கறது? எனக்கு முடி கூட இல்ல, சாந்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். அந்த நடைபாதையில் நான் எப்படிப் பயந்தேனோ அதே பயம் அவர் முகத்தில் இருந்தது. நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று இரண்டு பேரும் அழுதோம்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சைவம் தொடரும். மொட்டையும் உண்டு. ஆனால் மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். சமையல் அவர் பொறுப்பு, ஏனென்றால் அவர்தான் இன்னும் மருத்துவ விடுப்பில் இருந்தார்.

அவருக்கு அதுவரை மேகி மீ தவிர வேறு எதுவும் வேக வைக்கத் தெரியாது. காக் ரொஹானியிடம் போய்த் தெம்பே பொரிக்கக் கற்றுக்கொண்டு வந்தார். சோயா மொச்சையைப் புளிக்க வைத்துச் செய்கிற அந்தக் கட்டியில் இறைச்சிக்குச் சமமாகச் சத்து இருக்கிறதாம், டாக்டர் சொன்னதைக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். பிறகு தவ்ஹு என்கிற சோயாப் பால்கட்டி, பச்சைப் பயறு, முருங்கைக் கீரை, பூசணி விதை. கீரை சாப்பிட்டால் கூடவே கொய்யாப்பழம், அதிலிருக்கும் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துப் போகுமாம். கொய்யா கிடைக்காத அன்று பெக்கான் நானாஸ் ஊர் அன்னாசி. இடது கையால் அன்னாசி வெட்டுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பாதிதான் பார்த்தேன், மீதிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.

முருங்கைக் கீரையைக் காம்போடு போட்டுச் சமைத்த நாளும் உண்டு. பயறு வேகாமல் பல்லில் கல்லாகக் கடிபட்ட நாளும் உண்டு. எதிரே உட்கார்ந்து, தட்டு காலியாகும் வரை எழுந்திருக்க மாட்டார். விரதத்தில் வயிறு நிறைந்தபோதெல்லாம் எனக்குக் குற்றமாகவே இருந்தது. சாமி படத்தைப் பார்த்து, அவர்தான் போட்டார் என்று மனசுக்குள் மாட்டிவிடுவேன்.

தலைசுற்றல் நின்றது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஆனால் முடி? அது உடனே திரும்பி வராது, மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். கொட்டுவது மெல்லக் குறைந்தது. இருந்தாலும் என் ஜடை ஒரு விரல் கனத்துக்கு இளைத்திருந்தது. தொழிற்சாலையில் ஒரு வலைத்தொப்பி போதுமானது. மேற்பார்வையாளர் என்னை முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், கவனித்திருக்கிறார். அன்று கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பந்தலில்

தைப்பூசத்தன்று கோயிலுக்குப் பின்னால் தகரப் பந்தல் போட்டு, முடி எடுப்பவர்கள் வரிசையாக முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உறுமி மேளம் காதைப் பிளந்தது. என் கணவரும் ராஜம் அண்ணியும் கூட வந்தார்கள். அண்ணி கையில் குழைத்த சந்தனம்.

என் முறை வந்தது. முடி எடுக்கிற தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பிளேடைப் புதிதாக மாட்டினார். என் கொண்டையை அவிழ்த்தேன். இவ்வளவுதானா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்தார். தேய்த்த கை நின்றது. வகிடு பிரித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"அக்கா, கீழ குட்டி முடி நெறைய வந்திருக்கு. தலை பூரா இருக்கு. இத விட்டீங்கன்னா நல்லா அடர்த்தியா வந்துரும். பூமுடி மட்டும் எடுத்துக்கலாமா?"

என் கணவர் குனிந்து பார்த்தார். கைபேசியில் படம் எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். சுண்டுவிரல் அளவுக்கு அகன்று வெள்ளையாகத் தெரிந்த என் வகிடு இப்போது அப்படி இல்லை. இரண்டு பக்கமும் கறுகறுவென்று, விரலின் ஒரு கணு நீளத்துக்கு, நாற்று நட்ட மாதிரி முடி. நான் தொட்டுப் பார்த்தேன். குத்தியது.

அண்ணி, பூமுடி போதும் சாந்தா, அவனே கொடுத்திருக்கிறான் பாரு என்றார். என் கணவர், நீ சொன்னது உன்னோடு என்பது போல ஒதுங்கி நின்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குக் கொடுக்க மனசில்லை. இத்தனை மாதமும் கொடுப்பதற்கு முடி இல்லையே என்றுதான் பயம். இப்போது முடி இருந்தது. கை அதை விடமாட்டேன் என்றது. மருத்துவமனை நடைபாதையில் மொத்தமும் என்று சொன்னது ரொம்பச் சுலபம். அன்று என் தலையையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். இன்று அவர் எதிரே உயிரோடு, தொந்தி போட்டு, வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். அந்தக் குட்டை முடி அவர் அவித்த பயறில், அவர் வெட்டிய அன்னாசியில், என் தட்டுக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்த வேளைகளில் முளைத்தது. அதைப் போய் எப்படி மழிக்கச் சொல்வது?

அந்தத் தம்பி பிளேடைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

முழுசாக எடுத்துவிடுங்கள் என்றேன்.

நீள முடி முதலில் இறங்கியது. மடியில் விழுந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அது என்றைக்கோ போய்விட்ட முடி. பிறகு தம்பி இரண்டாவது தடவை பிளேடை ஓட்டினார். அந்தக் குட்டை முடிகள் பொடிப்பொடியாக என் கையில், கன்னத்தில், சேலையில் விழுந்தன. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கவே முடியவில்லை. தோள் குலுங்கியது. ஆடாதீங்கக்கா, வெட்டிரும் என்று தம்பி பதறினார்.

என் கணவர் முக்காலிக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்குதா என்று கேட்டார்.

பிளேடு தோலில் பட்டதே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான கை அந்தத் தம்பிக்கு.

"வலிக்குதுங்க" என்றேன்.